15 கையெழுத்துக்கு 9 வருடம்: ஆப்பிரிக்கச் சிறார் சாசனம் – கேள்வி பதில்

சட்டக் கல்லூரியில் மனித உரிமைச் சட்டம் நடத்துகிறேன். ஆப்பிரிக்க வழக்குகள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால்தான் இந்தத் தலைப்பில் கேள்விகள் கேட்கச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மணி, திருச்சி: குழந்தை உரிமைக்கு ஐ.நா. உடன்படிக்கை இருக்கிறதே மேடம். ஆப்பிரிக்காவுக்குத் தனியாக ஒன்று எதற்கு?

ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறியது 1989 நவம்பர் 20. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1990 ஜூலை 11 அன்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் அடிஸ் அபாபாவில் தங்களுக்கென்று ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். கோபம்தான் காரணம் என்பேன். ஐ.நா. வரைவை எழுதிய மேசையில் தொடர்ந்து உட்கார்ந்த ஆப்பிரிக்க நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறவெறி ஆட்சியில் வளரும் பிள்ளை, தாயோடு சிறைக்குள் இருக்கும் பிள்ளை, இவர்களைப் பற்றியெல்லாம் அந்த உடன்படிக்கையில் தனிப் பிரிவு கிடையாது. சாசனத்தில் உண்டு (பிரிவு 26, பிரிவு 30).

ஆனால் ஆரம்பித்த வேகம் நீடிக்கவில்லை. 15 நாடுகள் முறைப்படி ஏற்றால் சாசனம் அமலுக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். அந்த 15 சேர்வதற்கு 9 வருடம் ஆனது. 1999 நவம்பர் 29-ல்தான் உயிர் வந்தது. இதே நாடுகளில் பல, ஐ.நா. உடன்படிக்கைக்கு மட்டும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டன. இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 55 உறுப்பு நாடுகளில் சுமார் 50 நாடுகள் சாசனத்துக்குள் இருக்கின்றன. மொராக்கோ போன்ற சில வெளியே நிற்கின்றன.

சட்ட மாணவி, சேலம்: ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்னு ஒண்ணு சொல்லுங்க மேம். பரீட்சைக்கும் உதவும்!

பரீட்சைக்கா? சரி, எழுதிக்கொள். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்வேன். ஐ.நா. உடன்படிக்கையில், 18 வயது ஆகாதவர் குழந்தை என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வால்: அந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு முன்பே மேஜர் ஆகிவிட்டால் இல்லை. சாசனத்தின் இரண்டாம் பிரிவில் அந்த வால் கிடையாது. 18 என்றால் 18.

இந்த ஒரு வால் போனதில் என்னென்ன மாறுகிறது பார். ஐ.நா. உடன்படிக்கை 15 வயதுக்குக் கீழே படையில் சேர்க்காதே என்றது. (2000-ல் வந்த கூடுதல் நெறிமுறைதான் அதைக் கொஞ்சம் உயர்த்தியது.) சாசனம் 1990-லேயே, எந்தக் குழந்தையையும் சேர்க்காதே, சண்டைக்கு அனுப்பாதே என்று முடித்துவிட்டது. கல்யாணமும் அப்படியே: குறைந்தபட்சம் 18, பதிவு கட்டாயம், நிச்சயதார்த்தம்கூடக் கூடாது.

ராஜேந்திரன் (ஓய்வுபெற்ற தாசில்தார்): காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும் அம்மா. இதனால் ஒரு பிள்ளைக்காவது நன்மை நடந்ததா?

சார், சான்றிதழ் கொடுத்த கை உங்களுடையது. அதனால் சான்றிதழ் வழக்கையே சொல்கிறேன்.

நைரோபியில் கிபேரா என்ற பெரிய சேரிப் பகுதி இருக்கிறது. அங்கே நூபியர்கள் என்றொரு சமூகம். இவர்களின் முன்னோர்களை ஆங்கிலேயர் சூடானிலிருந்து படைவீரர்களாகக் கூட்டிவந்து, வேலை முடிந்ததும் ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே குடிவைத்தார்கள். நூறு வருடம் தாண்டியும் கென்யா அவர்களை வந்தேறிகளாகத்தான் பார்த்தது. தாய் தகப்பனுக்கு அடையாள அட்டை கிடைப்பதே பாடு. அட்டை இல்லை என்பதால் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்ய இழுத்தடிப்பு. சான்றிதழ் கிடைத்தாலும் அது குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது. பையனுக்கு 18 ஆனதும் விசாரணைக் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். தாத்தா பாட்டியின் பத்திரத்தைக் கொண்டுவா என்பார்கள். பக்கத்து வீட்டு வேறு இனத்துப் பையன் அப்படி எதையும் நீட்டாமல் அட்டை வாங்கிக்கொண்டு போவான்.

சாசனம் நடைமுறையாகிறதா என்று பார்க்க 11 பேர் கொண்ட நிபுணர் குழு ஒன்று உண்டு. 2009-ல் இரண்டு சட்ட அமைப்புகள் நூபியப் பிள்ளைகள் சார்பில் அங்கே புகார் வைத்தன. 2011 மார்ச்சில் தீர்ப்பு. குழுவின் முதல் தீர்ப்பே இதுதான். 18 வயதுவரை ஒரு பிள்ளையை எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமல் தொங்கவிடுவது அதன் நலனுக்கு எதிரானது என்றது. பெயர், பதிவு, குடியுரிமை தரும் பிரிவு 6, பாகுபாடு கூடாது என்ற பிரிவு 3, அதோடு கல்வி, சுகாதார உரிமைகளும் மீறப்பட்டதாகச் சொன்னது.

நடந்ததா என்றால், அரைகுறையாக. 2017-ல் கிபேராவில் 288 ஏக்கருக்குச் சமூகப் பட்டா கையில் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களுக்கென ஒதுக்கியதோ நாலாயிரம் ஏக்கருக்கு மேல். விசாரணைக் கமிட்டித் தொல்லை தீர்ப்பு வந்த கையோடு தீர்ந்துவிடவில்லை. ஒரு தாசில்தார் ஆபீஸ் எவ்வளவு மெதுவாக மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. குழுவுக்கு வந்த முதல் புகார் நூபியர்களுடையது அல்ல. வடக்கு உகாண்டாப் போரில் சிக்கிய பிள்ளைகளுக்காக 2005-ல் வந்த புகார்தான் முதல். அதற்குத் தீர்ப்பு 2013-ல். புகார் வந்த வருடம் பிறந்த குழந்தை அதற்குள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை.

கவின்: "பிராந்திய ஒத்துழைப்பு" என்கிறார்கள். கூட்டம் போட்டு போட்டோ எடுப்பதைத் தவிர என்ன செய்கிறார்கள்?

போட்டோவும் எடுப்பார்கள் தம்பி. ஆனால் பிள்ளைகளைக் கடத்துகிறவன் எல்லை பார்ப்பதில்லையே. 2001-ல் எதிரெனோ என்ற கப்பல் பெனினிலிருந்து கிளம்பி காபோன் துறைமுகத்துக்குப் போனது. உள்ளே விடவில்லை. கேமரூனும் விடவில்லை. திரும்பி பெனினின் கோதொனு துறைமுகத்துக்கே வந்தபோது உலகமே வேடிக்கை பார்த்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் என்று முதலில் பரபரப்பு. இருந்தவர்கள் அதைவிடக் குறைவுதான், ஆனால் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர் உண்மையிலேயே இருந்தார்கள். இந்த மாதிரிச் சம்பவத்தில் எந்த நாட்டுப் போலீஸ் வழக்குப் போடுவது, பிள்ளையை யார் வீட்டில் சேர்ப்பது? கோகோ தோட்டங்களுக்குப் பிள்ளைகள் போவதைப் பற்றி மாலியும் ஐவரி கோஸ்டும் 2000-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தன. 2005-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 9 சேர்ந்து ஒன்று போட்டன. 2006-ல் அபுஜாவில் மேற்கும் மத்திய ஆப்பிரிக்காவும் சேர்ந்தன.

செனகலில் தாலிபே பையன்களும் இதே கதை. குர்ஆன் பள்ளியில் ஓதக் கற்க அனுப்பிய பிள்ளை, தகர டப்பாவோடு டாக்கர் தெருவில் நிற்கும். சாயங்காலம் இவ்வளவு காசு என்று கணக்கு, குறைந்தால் அடி. கினி-பிசாவ், காம்பியா, கினியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். பிச்சை எடுக்க வைப்பது குற்றம் என்று செனகலில் 2005-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் 2014-ல் நிபுணர் குழு செனகல் அரசு தவறியது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஓதுவிக்கும் ஆசிரியர்களின் செல்வாக்கைத் தொட எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் இல்லை. எல்லாப் பள்ளிகளும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம் (ஆசிரியை): கர்ப்பமான மாணவியைப் பள்ளியை விட்டு அனுப்பும் நாடுகள் இருக்கின்றனவாமே?

இருந்தன. சியரா லியோனில் எபோலா சமயத்தில், 2015-ல், கர்ப்பிணி மாணவிகள் வழக்கமான பள்ளிக்கு வரக்கூடாது என்று தடை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது பாகுபாடு என்றது. 2020 மார்ச்சில் தடையை எடுத்தார்கள். மூன்றே மாதம்! தான்சானியாவில் அதிபர் மகுஃபுலி 2017-ல், பிள்ளை பெற்றவள் திரும்பப் பள்ளிக்கு வர முடியாது என்று மேடையிலேயே சொன்னார். அவருக்குப் பின் 2021-ல் கொள்கை மாறியது; 2022-ல் நிபுணர் குழுவும் கண்டித்துத் தீர்ப்பளித்தது.

இதில் சாசனத்துக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். படிப்பு முடியுமுன் கர்ப்பமான பெண் படிப்பைத் தொடர அரசு வழிசெய்ய வேண்டும் என்று பிரிவு 11-ல் 1990-லேயே எழுதிவைத்தார்கள். ஐ.நா. உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. சூடான் அந்த வரியும் வேறு சில பிரிவுகளும் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சாசனத்துக்குள் வந்தது.

செல்வி, நாகர்கோவில்: குழந்தைத் திருமணத்துக்கு?

தான்சானியாவின் அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க நீதிமன்றம் 2018 மே மாதம் மாலியின் 2011 குடும்பச் சட்டத்தைத் தப்பென்றது. அதில் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 16. மலாவி 2017-ல் அரசியலமைப்பையே திருத்தி 18 ஆக்கியது. அங்கே டெட்ஸா மாவட்டத்தில் பாரம்பரியத் தலைவியாக இருந்த தெரசா கச்சிண்டமோட்டோ தன் பகுதியில் நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர். வழக்கம் வழக்கம் என்று பேசுகிறவர்களுக்கு, வழக்கத்தின் தலைவியே கொடுத்த பதில் அது.

முத்துக்குமார்: பிள்ளைகளுக்குக் கடமையும் எழுதியிருக்கிறார்களாமே, நல்லதுதானே?

பிரிவு 31. பெற்றோரையும் பெரியவர்களையும் எப்போதும் மதி, தேவைப்பட்டால் உதவு, குடும்ப ஒற்றுமைக்கு உழை. வயதுக்கும் திறனுக்கும் ஏற்ப என்று ஒரு வரையறையும் உண்டு. நம்மூர்ப் பாட்டி எழுதினது போல இருக்கும். எனக்குச் சங்கடம் அந்த "எப்போதும்" மேல்தான். அடிக்கிற சித்தப்பாவையுமா? கடமையைச் சாக்காக வைத்து உரிமையைக் குறைக்கக்கூடாது என்று நிபுணர் குழு 2017-ல் தனி விளக்கமே எழுத வேண்டியதாயிற்று.

பள்ளி நூலகர்: ஆப்பிரிக்கக் குழந்தைகள் தினம் என்றைக்கு?

ஜூன் 16. 1976-ல் சொவெட்டோவில், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்க மாட்டோம் என்று ஊர்வலம் போன பிள்ளைகளைச் சுட்ட நாள். 1991-லிருந்து அனுசரிக்கிறார்கள்.

இளங்கோ, யாழ்ப்பாணம்: எங்கட பக்கம் இப்படி ஏதும் இருக்கோ?

2002 ஜனவரியில் காட்மாண்டுவில் சார்க் நாடுகள் குழந்தை நலனுக்கு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா, இலங்கை இரண்டும் உண்டு. நல்ல வாசகங்கள்தான். ஆனால் 11 பேர் குழு மாதிரி ஒரு பிள்ளை சார்பில் புகார் வாங்கி விசாரிக்க யாரையும் அதில் வைக்கவில்லை.

இளங்கோ (மறுபடி): அப்ப புகாரை எங்க குடுக்கிறது?

உங்களுக்குக் கொழும்பு, எங்களுக்கு எங்கள் உயர் நீதிமன்றமும் தில்லியும்.