ஏ.எல்.எஸ். பற்றி நம் மக்களுக்கு எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டு, நன்கொடை கேட்ட ஐஸ் பக்கெட் சவால் உலகம் முழுக்கப் பரவியும் ஏ.எல்.எஸ். நோயைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியவில்லையே, எதைச் சொன்னால் பயன்படும்?

அந்தச் சவால் வீண் போகவில்லை. 2014-இல் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆய்வில், நெக்1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது 2016-இல் தெரியவந்தது. ஆனால் வீடியோ பார்த்த எங்களுக்கு நோயின் அறிகுறி ஒன்றுகூடத் தெரியாது.

என் சித்தப்பாவுக்கு முதலில் நடக்கும்போது வலது கால் செருப்பு கழன்று கழன்று போனது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. அப்புறம் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பல மாதம் வைத்தியம் பார்த்தோம். பேச்சு குழறத் தொடங்கியதும், குடித்துவிட்டு வருகிறார் என்று தெருவில் பேசினார்கள். வாழ்நாளில் அதைத் தொடாத மனுஷன். அதன்பிறகு கடைத்தெருப் பக்கமே அவர் போகவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அதனால் நான் சொல்வது இதைத்தான்: வலியோ மரப்போ இல்லாமல் கைகால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, தசை மெலிந்து தோலுக்கடியில் துடித்தாலோ, பேச்சு குழறினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய் இது. குணமாக்கும் மருந்து இல்லை; ரிலுசோல் மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் சீக்கிரம் தெரிந்தால், மூச்சுக்கருவி வேண்டுமா, வயிற்றுக்குள் உணவு செலுத்தக் குழாய் வேண்டுமா என்பதையெல்லாம் பேச்சு இருக்கும்போதே நோயாளியே சொல்லிவிடலாம். சித்தப்பாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இன்னொன்று. அசைவு போனாலும் தொடு உணர்வு போகாது. பலருக்குப் புத்தியும் தெளிவாகவே இருக்கும். பார்க்க வந்தவர்கள் சித்தப்பா எதிரிலேயே, "இவருக்குப் புரியுமா?" என்று சித்தியிடம் கேட்டார்கள். தயவுசெய்து அவரிடமே பேசுங்கள்.

பேச்சு நின்றபின் ஒரு அட்டை செய்தோம். 247 எழுத்தையும் எழுதினால் தேடவே முடியாது. மேலே 12 உயிர், கீழே 18 மெய் மட்டும். ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போவோம், வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பார். முதல் நாள் க், ஆ, ல் என்று வந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தோம். இடது பாதம் மடங்கி, அவர் காலுக்கே அடியில் சிக்கிக் கிடந்தது.