வண்டிக்குள் வீடு: மலையில் மக்கர் செய்யும் மின்சாரம்
வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

கேம்பர் வேன், மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் நீலகிரி, பழனி மலைப் பகுதிகளைச் சேர்ந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கே: டெம்போ டிராவலரை கேம்பர் வேனாக மாற்றி ஊட்டிக்குப் போய் வருகிறோம். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட் டீசல் ஹீட்டர். டிசம்பரில் தலைக்குந்தா பக்கம் தங்கினால் விடியற்காலையில் ஹீட்டர் ஸ்டார்ட் ஆகாமல் ‘லோ வோல்டேஜ்’ காட்டி நின்றுவிடுகிறது. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 இருக்கிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

ப: பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். நீங்கள் பார்த்த 12.4 என்பது எதுவும் ஓடாதபோது இருக்கும் வோல்டேஜ். ஹீட்டர் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நிமிடங்கள் டீசலைப் பற்றவைக்கும் அதன் க்ளோ பிளக் மட்டும் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த நேரத்தில் என்ன வோல்டேஜ் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹீட்டரை ஆன் செய்யட்டும். மற்றவர் முதலில் பேட்டரி முனையிலும், அடுத்த முறை ஹீட்டருக்குள் போகும் பிளக்கிலும் அளக்கட்டும். இந்த 10 ஆம்பியருக்கே பேட்டரி முனையில் 11.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சார்ஜ் இல்லாமலோ தளர்ந்தோ இருக்கிறது. பேட்டரியில் 12 நின்று, ஹீட்டர் பிளக்கில் 10.6 காட்டினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். நடுவில் இருக்கும் ஒயர்தான் தின்கிறது. பெரும்பாலான 12 வோல்ட் ஹீட்டர்கள் 10.5 வோல்ட் அருகே வந்ததும் நின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி பின்னால், ஹீட்டர் முன் சீட்டுக்கு அடியில், இடையில் 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட்டிருந்தால் அதன் தடை ஏறக்குறைய 0.14 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே இடத்தில் 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். வீட்டில் 230 வோல்ட்டில் 1.4 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேல்.

ஒயர் தடிமன் சரியாக இருந்தால் இணைப்புகளைத் தேடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்விலும் மறு முனையை ஹீட்டர் பாசிட்டிவ்விலும் வைத்து, ஹீட்டர் இழுக்கும்போது அளந்தால் அந்தப் பாதையில் தொலையும் வோல்டேஜ் நேராகத் தெரியும். நெகட்டிவ் பக்கமும் இதே போல. ஒரு பக்கத்துக்கு கால் வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் ஃப்யூஸ் ஹோல்டர், ஒயர் நுனியில் பொருத்தும் லக், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், பெயின்ட் மேலேயே போல்ட் போட்ட பாடி எர்த் என ஒவ்வொன்றாக மீட்டரை நகர்த்துங்கள். தொட்டால் சுடும் இடம்தான் குற்றவாளி. மலிவாகக் கிடைத்த ஒயர் என்றால் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதன் தடை அசல் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

குளிரையும் கணக்கில் வையுங்கள். உங்கள் டியூபுலர் போன்ற லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 27 டிகிரியில் சொல்லப்படுவது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். உறைபனி விழும் காலையில் உங்கள் 150 ஏஎச் என்பது 115 போலத்தான். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 55 ஏஎச் அளவு. சார்ஜ் செய்யும் வோல்டேஜும் குளிரில் கூடுதலாக வேண்டும். 25 டிகிரியில் 14.4 கேட்கும் பேட்டரி, 5 டிகிரியில் 14.8, 14.9 கேட்கும். சார்ஜரோடு வந்த டெம்பரேச்சர் சென்சாரைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை பேட்டரியின் உடம்பில் ஒட்டினால் இந்தத் திருத்தத்தை சார்ஜரே பார்த்துக்கொள்ளும். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதன் வென்ட் குழாய் வண்டிக்கு வெளியே போகிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை விட்டு நின்றால் காரணம் கரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் சமவெளிக்கு அமைத்த டீசல் அளவு இங்கே அதிகமாகி, க்ளோ பிளக் வலையில் கரி படியும். ஹீட்டரில் உயரமான இடத்துக்கான அமைப்பு இருந்தால் போடுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: ஹீட்டரை மெயின் சுவிட்சை அணைத்து நிறுத்தாதீர்கள். அது தானே ஃபேன் ஓட்டிக் குளிர்ந்து நிற்க சில நிமிடம் கொடுங்கள்.

கே: வட்டக்கானல் ஹோம்ஸ்டேயில் பிளக் போட்டால், மழை நேரத்தில் வண்டிக் கதவைத் தொடும்போது சுர்ரென்று அடிக்கிறது. இன்னொரு இடத்தில் பிளக் போட்டதுமே ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் விழாது என்று ஒருவர் சொன்னார். – வாசகி, மதுரை

ப: எர்த் பின்னை எடுக்கவே எடுக்காதீர்கள். டயர் ரப்பர் என்பதால் வண்டி தரையோடு ஒட்டாமல் நிற்கிறது. எர்த் இல்லாத வண்டியின் தகரம் கரன்ட் ஏறியபடி காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவர்தான் அதற்கு எர்த். அது குழந்தையாகவும் இருக்கலாம், கவனம்.

உங்கள் முதல் பிரச்சினை அந்த வீட்டு சாக்கெட்டில் எர்த் இல்லாதது. மூன்றாவது ஓட்டை சில இடங்களில் வெறும் ஓட்டைதான். வண்டியை இணைக்கும் முன் சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவு, பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள். பேஸ்–எர்த் 100, 120 என்று தடுமாறினால் அங்கே எர்த் இல்லை. வேறு சாக்கெட் பாருங்கள், இல்லையென்றால் அன்றிரவு பேட்டரியிலேயே இருங்கள். வண்டியிலுள்ள சார்ஜரின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக வரும் சிறு கசிவும் எர்த் இல்லாதபோது சுர்ரென்று அடிக்கும். உண்மையான பேஸ் கசிவும் அதே மாதிரிதான் தொடங்கும். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆர்சிசிபி விழுவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வண்டிக்குள் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். சுவிட்சையோ எம்சிபியையோ (ஓவர்லோடில் விழும் சுவிட்ச்) அணைத்தால் போதாது. ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்போதும் விழும். முதல் சந்தேகம் கெய்சர் காயில், அடுத்தது பனிச் சாரல் புகுந்த வெளி சாக்கெட். இரண்டும் நன்றாக இருந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். அதன் வெளியீட்டில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருந்து, வீட்டு லைன் வந்த பிறகும் அந்த இணைப்பு விலகாமல் இருந்தால் ஆர்சிசிபி நிற்காது. வண்டியின் நுழைவிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் 2.5 ஸ்கொயர், மூன்று கோர், 16 ஆம்பியர் பிளக். 15 மீட்டர் 1 ஸ்கொயர் ஒயரில் 2,000 வாட் ரூம் ஹீட்டர் போட்டால் ஒயரிலேயே 40 வாட் சூடாகும். சுருட்டி வைத்திருந்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

கே: பிஎஸ் 6 வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறினாலும் இரண்டாவது பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது. இரண்டு பேட்டரிகளையும் இணைக்க ரிலே போட்டிருக்கிறேன். – வாசகர், திருப்பூர்

ப: புதிய வண்டிகள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர் அடக்கி வைக்கும். வண்டியின் சொந்த பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். 13.3 வோல்ட் பார்த்து ஒட்டும் ரிலே ஒட்டாது, ஒட்டினாலும் ஏற்றத்தில் விலகிவிடும். இதற்கு வேண்டியது, வரும் வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் அதைக் கூட்டி சார்ஜ் செய்யும் டிசி–டிசி சார்ஜர். 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளீட்டில் 40 வரை இழுக்கும் என்பதால் 16 ஸ்கொயர் ஒயர் போட்டு, இரண்டு பேட்டரிகளின் பக்கத்திலும் 20 செ.மீ.க்குள் ஒவ்வொரு ஃப்யூஸ் வையுங்கள். ஒயரின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரே ஒரு ஃப்யூஸ் பாதி ஒயரைத்தான் காக்கும். இக்னிஷன் சிக்னல் ஒயரைக் கொடுக்க மறந்தாலும் சார்ஜர் தூங்கிக்கொண்டே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 2 மணி நேர ஏற்றத்தில் 60 ஏஎச் வரை எதிர்பார்க்கலாம்.

கே: லித்தியம் பேட்டரி அதிகாலையில் சார்ஜ் ஏறுவதில்லை. பத்து மணிக்கு மேல் தானாக ஏறுகிறது. பழுதா? – வாசகர், கோத்தகிரி

ப: பழுதில்லை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் செல்லுக்குள் உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் தடுக்கிறது, சில 5 டிகிரியிலேயே தடுக்கும். பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரடி ஒயர் கொடுக்காதீர்கள். பேட்டரியை வண்டிக்கு அடியிலிருந்து உள்ளே, தூங்கும் இடத்தின் சூடு படும் பெட்டிக்கு மாற்றினால் போதும்.

கே: ஜூலையில் கூடலூரில் 200 வாட் சோலார் 1 ஆம்பியர்தான் தருகிறது. சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

ப: தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் பக்கம் அவ்வளவுதான் வரும், பேனலைக் குறை சொல்ல முடியாது. கிளை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் பெரும்பங்கு போய்விடும் என்பதால் மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். கோத்தகிரி, குன்னூரில் இதே நிலை அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்கு மழையில் வரும்.

ஜெனரேட்டர் வாங்கினால் 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் மெஷின் ஊட்டியில் 1,600ஐத் தாண்டாது, 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அது தாங்காது. மழைக்குப் பயந்து வண்டிக்கு அடியிலோ முன்கூடாரத்துக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொல்லும். குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வண்டியிலிருந்து அந்தப் பக்கம் வீசும்படி வையுங்கள். படுக்கைக்கு அருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள்.