ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஓடினால்: கேள்வி பதில்

நிலாவெளியில் விடுதி நடத்துகிறோம். சைட்டில் ஒருதடவை அழுத்தினால் இரண்டு முன்பதிவு விழுகிறது. பட்டனை முடக்கி வைக்கலாமா?

அது நோயை மூடி வைப்பது. உங்கள் புக்கிங் ஸ்கிரிப்ட், அதாவது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, பக்கத்தின் தலையிலும் (ஹெடர்) இருக்கிறது, அடியிலும் (ஃபூட்டர்) இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கிளிக்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றை எடுங்கள். எப்போதும் முதலில் ஸ்கிரிப்ட் டேக்குகளை, அதாவது பக்கத்தில் ஸ்கிரிப்டை ஏற்றும் வரிகளை, எண்ணிப் பாருங்கள். அப்புறம் சேர்வரிலும் ஒரு சரிபார்ப்பு வேண்டும், சிக்னல் இழுக்கும்போது ஆட்கள் இரண்டு தடவை தட்டத்தான் செய்வார்கள்.

மெனு திறந்தவுடனே மூடிக்கொள்கிறது. (உவர்மலை)

மெனுவை இயக்கும் பூட்ஸ்ட்ராப் லைப்ரரி இரண்டு தடவை ஏறியிருக்கிறது, ஒன்று திறக்க மற்றது மூடுகிறது. எல்லாம் சேர்ந்த பண்டில் கோப்பு இருந்தால் சாதாரணக் கோப்பு தேவையில்லை.

ஸ்லைடர் வேலை செய்யவில்லை, "நொட் எ ஃபங்ஷன்" (அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை) என்று எரர் வருகிறது. (கிண்ணியா)

திரையைப் பாதி வெட்டிய போட்டோ ஒன்றை அனுப்பிவிட்டு ஏன் என்று கேட்டால் நான் குறி சொல்கிறவனா? சைட்டின் முகவரியாவது எழுதுங்கள். இருந்தாலும் இந்தக் கூத்து எனக்குப் பழக்கம், என்னிடம் வரும் வேர்ட்பிரஸ் சைட்டுகளில் பாதிக்குப் பாதி இதுதான். வேர்ட்பிரஸ் தன் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை நோகொன்ஃப்ளிக்ட் நிலையில், அதாவது அதன் சுருக்கப் பெயரான டொலர் குறியை விட்டுக்கொடுத்துத் தருவதால் வெறும் டொலர் குறி ஓடாது, உடனே எங்கேயோ பார்த்த கோட் துண்டை அள்ளிவந்து ஹெடரில் இன்னொரு ஜேக்வெரியை ஒட்டிவிடுகிறார்கள். ஸ்லைடர் பிளகின் முதல் பிரதியில் சேர்ந்திருக்கும், பின்னால் வந்த பிரதி ஜேக்வெரி, டொலர் என்ற பெயர்களைப் பிடுங்கிக்கொள்ளும், அதனிடம் போய் ஸ்லைடரைக் கேட்டால் எங்கே இருக்கும்? இதற்கு அரை செகண்ட் டைம்அவுட் (தாமதம்) வைத்து "சரிபண்ணிவிட்டேன்" என்று காசும் வாங்குகிறார்கள். பார்க்கிறவர் டேட்டாவில் வீணாக இன்னொரு கோப்பு. ஒட்டியதைப் பிடுங்கி எறியுங்கள், உங்கள் கோட் வரிகளை டொலரை வாங்கும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு அதற்கு ஜேக்வெரியைக் கொடுங்கள், கோப்பை வேர்ட்பிரஸின் ஸ்கிரிப்ட் ஏற்றும் முறையான என்கியூ வழியாகவே ஏற்றுங்கள். அந்த வழியில் ஒரே பெயரைப் பத்துப் பிளகின் கேட்டாலும் ஒருதடவைதான் ஏறும்.

ஸ்கிரிப்டில் மாறியை அறிவிக்க 'லெட்' போட்டால் "ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது" என்று எரர், 'வார்' போட்டால் போய்விடுகிறது. விட்டுவிடவா? (மூதூர்)

வேண்டாம். எரர்தான் போனது, இப்போது கோப்பு முழுதாக இரண்டு தடவை ஓடுகிறது. டேக்குகளை எண்ணுங்கள் ஐயா.

ஒரே நாளில் பார்வையாளர் எண்ணிக்கை இரட்டிப்பு!

பார்வையாளரை எண்ணும் அனலிட்டிக்ஸ் கோட் பக்கத்தில் ஒன்று, இப்படிப்பட்ட கோட்களை ஏற்றும் டேக் மேனேஜரில் ஒன்று. பார்ட்டி வைக்க முன் ஒன்றை நிறுத்துங்கள்.

ஸ்கிரிப்டை மொடியூல் வகையாக ஏற்றினால் ஒருதடவைதானே ஓடும்? (உப்புவெளி)

கோப்பின் முகவரி அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டும். ஓரிடத்தில் கேள்விக்குறி போட்டு வெர்ஷன் 3 என்றும் இன்னோரிடத்தில் வெறும் பெயரும் எழுதினால் பிரவுசருக்கு அவை இரண்டு கோப்புகள், இரண்டும் ஓடும். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வேர்க் டப்பில் இனிஷியேட்டர் பகுதியைப் பார்த்தால் எது எதை இழுத்துவந்தது என்று தெரியும்.