கொள்ளுக்குத் திறக்கும் வாய்

கேள்வி: எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மகளுக்கு 16 வயது. மூன்று வருடமாகப் புதுச்சேரி பக்கம் ஒரு லாயத்தில் குதிரையேற்றம் கற்கிறாள். 2023-ல் ஆசிய விளையாட்டில் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையைச் சொன்னபடி நடக்கவைத்துக் காட்டும் போட்டி) தங்கத்தை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. போன வருடம், சென்னையில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை அவளுக்காக வாங்கினோம். வயது 7. நடை அவ்வளவு அழகு, இதற்கென்றே பிறந்தது என்கிறார்கள். ஆனால் சொன்னது கேட்பதில்லை. சில நாள் தேவதை மாதிரி, சில நாள் கல் மாதிரி. இடது பக்கம் கேன்ட்டர் (மெதுவான பாய்ச்சல்) எடுக்கச் சொன்னால் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. இரண்டு முறை முன்னங்காலைத் தூக்கி எழும்பிவிட்டது. அப்படி நடந்தால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். இன்னும் கடுமையான கடிவாளம் போடலாம் என்கிறார் பயிற்சியாளர். விற்றுவிடு என்கிறார் என் மைத்துனர். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: ஐயா, கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வேலைக்கு வளையாத மனுஷனைத் திட்ட, பாவம், குதிரையை இழுத்திருக்கிறார்கள். கடிவாளம் என்றதும் அது ஏன் வாயை மூடுகிறது என்று யாரும் அதன் வாய்க்குள் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழும்புகிற குதிரை நிலை தவறிப் பின்பக்கமாக விழுந்தால், மேலே இருப்பவர் அடியில் மாட்டிக்கொள்வார். உயிரே போகும். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை பாப்பா அதன் மேல் ஏற வேண்டாம். பிறகு என்றைக்காவது எழும்பினாலும், கடிவாள வாரைத் தளர்த்திவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய வேண்டும். பயத்தில் வாரைப் பிடித்துத் தொங்கினால் குதிரையை நாமே நம் மேல் இழுத்துப் போட்டுக்கொள்வோம்.

சரி, கடிவாளத்துக்கு வருகிறேன். இதில் நானும் குற்றவாளிதான். வெகு காலத்துக்கு முன்னால், வேறு ஊரில், இதே மாதிரி தலையைத் தூக்கும் குதிரை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மென்மையான பிட் (வாய்க்குள் போகும் கடிவாளக் கம்பி) போட்டேன். அடங்கவில்லை. அதைவிடக் கடுமையானது போட்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. கடைசியில் வேறு எதற்கோ வந்த கால்நடை மருத்துவர், வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டி, கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் மென்ற புல்லும் ரத்தமும். டார்ச் அடித்துக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் அரிவாள் மாதிரி கூர்ந்து, கன்னத்தின் உள்பக்கத்தை அறுத்திருந்தது. பழைய பத்து பைசா அளவுக்குப் புண். நான் வாரை இழுத்தபோதெல்லாம் அந்தக் கன்னம் அந்தப் பல்லில்தான் போய் உரசியிருக்கிறது. அரம் போட்டு ராவ இருபது நிமிஷம் ஆனது. அந்தக் குதிரை என்னை மன்னிக்கத்தான் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது.

குதிரையின் பல் வாழ்நாளெல்லாம் மேலே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். லாயத்தில் நின்று தவிடும் கொள்ளும் தின்கிற குதிரைக்குச் சரியாகத் தேயாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது பல் பார்க்க வேண்டும். உங்கள் குதிரை வந்து ஒரு வருடம் ஆகிறது. பல் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், இல்லையென்றால் சென்னை வேப்பேரி. பல்லோடு முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். சேணத்தை எடுத்ததும் வியர்வை ஈரத்துக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் வயிறு. பந்தயக் குதிரைகளில் பாதிக்கு மேல் இரைப்பைப் புண்ணோடுதான் வெளியே வருகின்றன. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஓட்டினால் அந்த அமிலம் மேல் பாதியில் தெறிக்கும், அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது. 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் வேண்டும். பச்சைப் புல் என்றால் நாலு மடங்கு. ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொஞ்சம் புல் தின்னட்டும். நம் கடலோர லாயங்களில் இன்னொரு தொல்லை, மணல். தரையில் போட்ட தீனியோடு மணலும் உள்ளே போகும். ஒரு பிளாஸ்டிக் பையில் சாணத்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தொங்கவிடுங்கள். பத்து நிமிஷத்தில் அடியில் மணல் தங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் பார்த்து, வலி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் பயிற்சியைப் பற்றிப் பேச முடியும்.

உங்கள் குதிரை சொன்னது கேட்பதில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால், சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே செய்வதாகத்தான் எனக்குப் படுகிறது. பந்தயத்தில் ஜாக்கி அங்கவடியில் எழுந்து நிற்பார், முதுகில் பாரம் இருக்காது. வாரைக் குட்டையாக, இறுக்கமாகப் பிடிப்பார். குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடும். வார் இறுகினால் ஓடு. இதுதான் அதன் பள்ளிப் பாடம். இப்போது உங்கள் பெண் முதுகில் நன்றாக அமர்ந்து, வாரை எடுத்து, காலால் அழுத்துகிறாள். மூன்றுமே அதற்கு ஓடு என்றுதான் கேட்கும். ஓடப் போகும்போது அதே வார் நில் என்கிறது. முன்னால் போக வழியில்லை, பின்னாலும் இல்லை. மேலேதான் இருக்கிறது.

மேலே போனதும் என்ன நடக்கிறது? பயிற்சி முடிந்தது, இறங்கியாயிற்று, சேணம் கழற்றியாயிற்று, லாயத்தில் கொள்ளு. குதிரைக்குப் பாடம் நடப்பது அழுத்தம் விலகும் நொடியில். அதற்கு முந்தைய நொடியில் எதைச் செய்ததோ அதுதான் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டே முறையில் உங்கள் குதிரை இதைப் பிடித்திருக்கிறது. மந்தமான குதிரைக்கு இருபது முறை ஆகியிருக்கும். திறமை என்று எல்லாரும் மெச்சுகிறார்களே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆகவே இடது கேன்ட்டரை ஆறு வாரம் மறந்துவிடுங்கள். முதலில் தரையில் நின்று. பாப்பா குதிரையின் இடது தோள் பக்கம் நின்று வாரை லேசாகப் பின்னால் அழுத்தட்டும், வலுவாக இழுக்கக் கூடாது. ஒரே ஒரு அடி பின்வாங்கியதும் அதே கணம் விரலைத் தளர்த்த வேண்டும். அந்தக் கணம் தவறினால் பாடம் போச்சு. பத்து முறை போதும். சில நாளில் விரல் மூடுவதற்குள் அது அடி வைக்கும். வாருக்கு நில் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அப்போதுதான் அதற்குப் புரியும். பிறகு மேலே ஏறி வாக் (சாதாரண நடை), நிற்பது, மறுபடி வாக். பிறகு ட்ராட் (துள்ளு நடை), 20 மீட்டர் வட்டத்தில். இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நன்றாகச் செய்த இடத்தில் இறங்கிவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை என்ற ஆசையில் கெட்டுப்போன காலைகள் எனக்கே நிறைய.

வாரத்தில் இரண்டு நாள் வளையத்துக்குள்ளேயே போக வேண்டாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சவுக்குத் தோப்புக்கா பஞ்சம்? துணைக்கு அமைதியான ஒரு குதிரையோடு, வாரை நீளமாக விட்டு நடக்க விடுங்கள். கையில் இருக்கிற சவுக்கை மட்டும் லாயத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இடது பக்கம் மட்டும் தகராறு என்றீர்கள். மனிதர்களில் வலக்கை, இடக்கை இருப்பது போலக் குதிரைக்கும் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும். ஆனால் பாப்பாவையும் ஒரு முறை பின்னால் நின்று பாருங்கள். பள்ளிப் பையை ஒரே தோளில் மாட்டுகிற பிள்ளைகள் சேணத்திலும் கோணலாகத்தான் உட்காரும். குதிரைக்கு அது தெரியும்.

தேவதை நாள், கல் நாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பெண் குதிரைக்குச் சுமார் 21 நாள் சுழற்சி, அதில் ஐந்து முதல் ஏழு நாள் பருவம். அந்த நாட்களில் விலாவில் கால் பட்டாலே சிலதுக்குப் பிடிக்காது. இரண்டு மாதம் எழுதினால் கல் நாட்கள் கூடி நிற்கிற இடம் தெரிந்துவிடும். கூடவே வெயிலையும் எழுதுங்கள். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் ஓட்டவே கூடாது. நம் மாதிரிப் புழுக்கமான ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மூச்சு மட்டும் நாய் மாதிரி வாங்கும், உடம்பு காய்ந்திருக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்சியாளரிடம் சண்டை போட வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள். ட்ரெஸ்ஸாஜ் ஆரம்ப நிலைப் போட்டிகளில் சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளத்துக்குத்தான் அனுமதி. கடுமையானதைப் போட்டு வீட்டில் அடக்கினால், போட்டி அன்றைக்கு எதைப் போடுவது? ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் நடுவர், குதிரை வாயைப் பிளப்பதையும் வாலைச் சுழற்றுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ட்ரெஸ்ஸாஜ் என்றாலே பழக்குவது என்றுதான் சொல்வார்.

தங்கக் கனவைப் பற்றியும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆசிய விளையாட்டு நடந்த சீனாவின் ஹாங்சோவில் வென்ற நாலு பேரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். 41 வருடத்துக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த தங்கம் அது. அவர்களில் ஒருவரான அனுஷ் அகர்வாலா 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். அந்த உயரத்தில் ஆடுபவை பெரும்பாலும் இதற்கென்றே வளர்க்கப்படும் வார்ம்பிளட் குதிரைகள். பந்தயக் குதிரை அங்கே போவது அபூர்வம். ஆனால் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கை பழக, உடல் பழக, மாநில அளவில் போட்டியிட இது தாராளம்.

விற்பதா? ஆறு மாதம் பொறுங்கள். பல், முதுகு, வயிறு எல்லாம் பார்த்து, மேலே சொன்னபடி பொறுமையாகச் செய்தும் எழும்புவது நிற்கவில்லை என்றால், அனுபவமுள்ள பெரியவர் கைக்கு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாப்பாவின் உடம்பைவிடக் குதிரை பெரிதில்லை. இப்போதே விற்றால், வாங்குகிறவர் கையிலும் அது அடுத்த வாரமே எழும்பும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். இன்னொன்று, உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் குதிரையின் விலை இரண்டு இடத்தில் வருகிறது, அச்சில் நீக்கிவிட்டேன். பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.