ஹைலேண்டர் பாய்ச்சலைத் தடுக்க என்ன விதி வைக்கலாம்?

கேள்வி: ஸ்காட்லாந்துப் போர்களை வைத்து மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். வாளோடு பாய்ந்து வரும் ஹைலேண்டர்களே (ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள்) ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கிறார்கள். எதிரே நிற்கும் துப்பாக்கிப் படைக்கு என்ன விதி கொடுப்பது?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மஸ்கட்டை (அக்காலத்து நீண்ட துப்பாக்கி) மறுபடி நிரப்பப் பழகிய சிப்பாய்க்கே ஏறத்தாழ 20 விநாடி பிடிக்கும். ஹைலேண்டர்களோ நெருங்கி வந்து ஒருமுறை சுட்டு, துப்பாக்கியைக் கீழே எறிந்துவிட்டு, அந்தப் புகைக்குள்ளிருந்தே வாளும் கேடயமுமாக ஓடி வருவார்கள். கடைசி 50 மீட்டருக்கு 10 விநாடி போதும். ஆகவே உங்கள் படைக்கு உருப்படியாகச் சுட ஒரே வாய்ப்புதான். தொலைவிலேயே சுட்டுத் தீர்த்த பிரிவுக்குக் கடுமையான தண்டனை வையுங்கள்.

1689-க்குத் தனி விதி வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் கில்லிகிராங்கிப் போரில் அரசுத் தளபதி மக்கேயின் படையிடம் இருந்த பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி), குழல்வாய்க்குள் செருகும் வகை. செருகினால் சுட முடியாது. சுட்ட பிறகு செருக நேரமில்லை. படை சிதறி ஓடியது. குழலுக்கு வெளியே மாட்டும் பயனெட் பரவிய பிறகுதான் இந்தச் சங்கடம் தீர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டன்கெல்ட் ஊரில் ஓர் அரசுப் படைப்பிரிவு சுவர்களுக்கும் வீடுகளுக்கும் பின்னால் நின்று அதே ஹைலேண்டர்களைத் திருப்பி அனுப்பியது. சுவருக்குத் தாராளமாகப் புள்ளி கொடுங்கள்.

1746 கலோடன் போரில் அரசுப் படை கையாண்டதாகச் சொல்லப்படும் பயனெட் உத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேர் எதிரே வருபவனின் இடக்கையில் கேடயம் இருக்கிறது. அங்கே குத்திப் பயனில்லை. உங்கள் வலப்பக்கத் தோழனைத் தாக்க வருபவன் வாளை ஓங்கும்போது அவன் வலது விலா திறந்து கிடக்கும். அங்கே குத்த வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. அந்த நெரிசலில் எத்தனை பேர் இதை நினைவில் வைத்திருப்பார்கள்? என் கணிப்பில் அதன் பலன் பெரும்பாலும் மனத் துணிவுதான். அதற்கு ஒரு சிறு புள்ளி போதும்.

அன்று உண்மையில் வென்றவை பீரங்கியின் சிதறு குண்டுகள், சதுப்பு நிலம், இரண்டாம் வரிசை. அரசுப் படையின் இடது கோடியில் நின்ற பாரெல் படைப்பிரிவுக்குள் ஹைலேண்டர்கள் புகுந்தே விட்டார்கள். பின்வரிசைப் பிரிவுகள் முன்னேறி, புகுந்தவர்களைச் சுட்டு வீழ்த்தின. பின்னால் ஆதரவு வரிசை இல்லாத படை, முன்வரிசை உடைந்ததும் முழுவதும் ஓடட்டும்.

குதிரைப்படையை மட்டும் முன்னால் அனுப்ப விடாதீர்கள். 1746 ஜனவரியில் ஃபால்கிர்க் போரில் அரசுத் தளபதி ஹாலி அப்படி அனுப்பினார்; மிக அருகில் சூடு வாங்கிய டிராகூன்களில் (குதிரை வீரர்கள்) பலர் திரும்பி, தங்கள் காலாட்படையையே மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அன்று பெய்த மழையில் வெடிமருந்தும் நனைந்தது. வானிலைக்கும் ஒரு சீட்டு வையுங்கள்.