வெளிநாட்டில் மனதுக்குப் பிடித்துப்போன ஊரை, வீடு திரும்பிய பிறகும் எப்படி ரசிக்கிறீர்கள்?

எனக்கு அந்த ஊர் இஸ்தான்புல். 2018இல் வேலை விஷயமாகப் போய்ப் பதினோரு மாதம் இருந்தேன். பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் வேலை. கோயமுத்தூர்க்காரன் வேறு எதற்காகப் போவான்! அறை ஆசியக் கரையில், கடிகோய் என்ற பகுதியில். வேலை ஐரோப்பியக் கரையில். ஆகவே காலையும் மாலையும் கண்டம் விட்டுக் கண்டம் படகுப் பயணம். சொல்லும்போது ஆடம்பரமாக இருக்கிறது. அங்கே அது நம்மூர் டவுன் பஸ் மாதிரிதான். ஒரு கார்டைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியது.

திரும்பி வந்த புதிதில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அங்கே வாங்கிய வண்ணக் கண்ணாடி விளக்கை ஹாலில் மாட்டினேன். யாரோ கேமராவைப் பிடித்தபடி இஸ்திக்லால் தெருவில் நடந்து போகும் யூடியூப் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்தேன். பார்த்து முடித்தால் தலைவலிதான் மிச்சம். சுட்ட கஷ்கொட்டை வாசனையும் படகின் டீசல் புகையும் இல்லாமல் அது யாருடைய ஊரோ மாதிரி இருந்தது. விளக்கில் இப்போது ஒட்டடை.

கடைசியில் கைகொடுத்தது ஓர் இரட்டை அடுக்கு டீ கெட்டில்.

படகைச் சொல்லாமல் டீயைச் சொல்ல முடியாது. அங்கே படகை 'வாப்பூர்' என்பார்கள். பிரெஞ்சில் நீராவிக்கு உள்ள சொல். நீராவி போய் டீசல் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. மாலை ஆறு மணிக்கு ஐரோப்பியக் கரையின் எமினோனு துறையில் கதவு திறந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடி, வெளியே வலப்பக்கம் இருக்கும் பெஞ்சைப் பிடித்துவிட வேண்டும். அக்டோபர் மாதம் என்றால் அந்த நேரத்துக்கு வெயில் சாய்ந்துகொண்டிருக்கும். படகு விலகி வர வர, குன்றின் மேல் சுலைமானியே மசூதி முழுசாக எழுந்து நிற்கும். சினான் என்ற கட்டடக் கலைஞர் 1557இல் கட்டி முடித்தது. அடுத்து தோப்காப்பி அரண்மனை நிற்கும் முனை. அதைத் தாண்டியதும் ஹாகியா சோபியா, நீல மசூதி என்று கும்மட்டங்கள் வரிசை கட்டும். வெளிச்சம் அவற்றுக்குப் பின்னால் இருப்பதால் எல்லாம் கரிக்கோட்டில் வரைந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒருவர் சிமித் என்ற எள்ளு வளைய ரொட்டியைப் பிய்த்துக் கடற்காகங்களுக்கு வீசிக்கொண்டிருப்பார். வட்டத் தட்டில் கண்ணாடி டம்ளர்களோடு 'சாய்!' என்று ஓர் ஆள் வருவார். ஒரு டீயைச் சூடு ஆறாமல் குடித்து முடித்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் கடிகோய் வந்துவிடும். மொத்தம் இருபது நிமிடம்.

கடிகோயின் பழைய பெயர் கால்சிடன். எதிர்க்கரையில் பைசாந்தியம், அதாவது இஸ்தான்புல்லின் ஆதி ஊர், உருவாவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கிரேக்கர்கள் குடியேறிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட பாரசீகத் தளபதி மெகபாசஸ், அவ்வளவு அருமையான இடம் எதிரே இருக்க இங்கே வந்து ஊர் அமைத்தவர்கள் குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றாராம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கடிகோயில் வாடகை கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய நகரத்துக்குள் போய் நின்றால் கண்ணில் படுவது க்யூவும் கம்பளக் கடைக்காரரும்தான். அந்த ஊர் எவ்வளவு அழகு என்று பார்க்க எதிர்க்கரையில் இருக்க வேண்டும்.

சரி, டீக்கு வருகிறேன். கெட்டில் இரண்டு அடுக்கு. கீழே பெரியதில் வெறும் தண்ணீர், மேலே சின்னதில் தேயிலை. கீழே தண்ணீர் கொதிக்கும்போதே மேலே உலர்ந்த இலை லேசாகச் சூடாகி மணம் விடும். கொதித்ததும் அதில் கொஞ்சத்தை மேலே ஊற்றி, கீழே மறுபடி தண்ணீர் நிரப்பி, தீயைக் குறைத்து விட்டுவிட வேண்டும். இலை அடியில் படியப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். மேலே இறங்கியிருப்பது நம்ம பில்டர் டிக்காஷன் மாதிரி. டம்ளரில் அதை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மிச்சத்துக்குக் கொதிநீர். பால் கிடையாது. நிறம் சரியாக வந்தால் 'முயல் ரத்தம்' என்பார்கள். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் அந்தச் சிவப்பை ஒருமுறை பார்த்தால் வேறு பெயர் வாயில் வராது. டம்ளரும் தனி ரகம், இடை சிறுத்தது. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், இல்லையென்றால் விரல் வெந்துவிடும். தஹ்தகலே சந்தில் ஆறு வாங்கினேன், இப்போது நான்கு இருக்கின்றன.

முதல் முறை வீட்டில் போட்டது டீயே இல்லை. மளிகைக் கடை டீத்தூளை மேலே போட்டு இருபது நிமிடம் விட்டேன். சுக்குக் கஷாயம் தோற்றது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா கண்ணு அவ்வளவு தூரம் போயிட்டு வந்தே?" என்று கேட்டார். குருணைத் தூள் இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கிவிடும், அதை இருபது நிமிடம் வைத்தால் கசக்காமல் என்ன செய்யும். அப்புறம் குன்னூர்ப் பக்கம் போனபோது, சுருட்டிய முழு இலைத் தேயிலை வாங்கி வந்து போட்டேன். ரிஸே தேயிலையின் அதே ருசி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் வந்தது, நிதானமும் வந்தது.

ரிஸே என்பது கருங்கடல் ஓரத்து மலைப்பகுதி, துருக்கியின் நீலகிரி. அங்கே முதல் தேயிலை ஆலை வந்ததே 1947இல்தான். அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் காபி குடித்த நாடு, காபி வந்துகொண்டிருந்த ஏமன் கைவிட்டுப் போய் இறக்குமதி விலை கடித்ததும் டீக்கு மாறிக்கொண்டது. இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உலகிலேயே அதிகம் டீ குடிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய காபியை நான் வீட்டில் முயலவில்லை. எங்கள் வீட்டில் பில்டர் காபி இருக்கிறது, அதனோடு எதற்கு வம்பு.

நேரமும் முக்கியம். அவர்களைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே எட்டரை. எட்டரைக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்து, பால்கனியில் வலப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். டீ இறங்கும் நேரமும் படகு கடக்கும் நேரமும் ஒன்று என்பது எனக்கே பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த இருபது நிமிடம் போனைத் தொடுவதில்லை. தெருவில் கொசு மருந்து வண்டி போகும், எதிர்வீட்டில் சீரியல் ஓடும். பரவாயில்லை, படகிலும் யாராவது போனில் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சிமித்தும் செய்து பார்த்தேன். மாவை இரண்டு கயிறாகத் திரித்து வளையமாக்கி, திராட்சைப் பாகு கலந்த தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுவது. திராட்சைப் பாகுக்கு எங்கே போவது? கருப்பட்டிப் பாகில் முக்கினேன். ஊரைக் காட்டிக்கொடுக்கும் மணம்தான், ஆனால் நன்றாகவே வந்தது.

அங்கிருந்து கொண்டுவந்த இன்னொரு சாமான் ஒரு வாக்கியம். சமைத்தவரிடம் 'எல்லெரினே சாலிக்' என்பார்கள், 'உன் கைகளுக்கு ஆரோக்கியம்' என்று பொருள். கைமணம், கைப்பக்குவம் என்று ருசியைக் கையில் வைத்துப் பேசும் நமக்கு, அந்தக் கையை வாழ்த்த ஒரு சொல் இல்லாமல் போனது ஆச்சரியம்தான். ஒருநாள் அரிசியும்பருப்பும் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் இதைத் தமிழில் சொன்னேன். "ஏன், கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்குது" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

விடியற்காலையில் பக்கத்துத் தெரு மசூதியின் பாங்கு கேட்கும்போது, அரைத்தூக்கத்தில் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று ஒரு நொடி பிடிபடாது. அங்கே ராகத்தை மகாம் என்பார்கள். விடியல் பாங்கை சபா என்ற மகாமிலும் அந்திப் பாங்கை செகா மகாமிலும் சொல்வது மரபு, நமக்குப் பூபாளம் மாதிரி. போன் வானிலையிலும் கோவைக்கு அடுத்த ஊராக இஸ்தான்புல்லை இன்னும் வைத்திருக்கிறேன். தெற்கிலிருந்து லோதோஸ் காற்று பலமாக அடித்தால் அங்கே படகுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் எனக்கும் கை ஓடாது, என்னவோ நானே துறையில் மாட்டிக்கொண்ட மாதிரி.

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். சுற்றுலாப் படகுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆறு மணி வாப்பூரில் ஏறுங்கள், வலப்பக்கம் உட்காருங்கள், கடிகோயில் இறங்கி அடுத்த படகிலேயே திரும்பினாலும் சரி.

அம்மாவுக்கு அந்த டீ இன்னும் பிடிக்கவில்லை. ராத்திரி எட்டரைக்கு டீ குடித்தால் தூக்கம் எப்படி வரும் என்ற கேள்வியும் ஓயவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எட்டே முக்கால் தாண்டியதும் அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: "கப்பல் வந்துருச்சு கண்ணு, வந்து இறக்கு."