பீயுருட்டிக்கு இவ்வளவு மரியாதையா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப்பில் உள்ள அட்டோ யானைப் பூங்காவுக்குப் போனோம். முன்னால் போன கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. கடைசியில் பார்த்தால், ஒரு சாணவண்டு கடந்து போகக் காத்திருக்கிறார்கள்! யானை, காட்டெருமை என்றால் சரி, இதற்குமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: இதற்கும்தான் தம்பி. உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு என் நன்றி.

நானும் அங்கே ரோட்டோரம் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறேன். யானை லத்தி ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது. கட்டைவிரல் தடிமனில், கன்னங்கரேல் என்று ஒரு வண்டு வந்தது. மண்வெட்டி போன்ற தலையால் லத்தியின் நார்களை ஒதுக்கி உள்ளே புகுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனது. அது பெண். ஆண் பின்னாலேயே நடந்தது.

நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வண்டுக்குப் பறக்க வராது. இதன் முதுகு ஓட்டுக்கு அடியில் இருக்கும் காற்றறை, வறண்ட புதர்க்காட்டில் உடம்பின் ஈரம் வீணாகாமல் காக்கிறது. ஆனால் ஓரிடத்தில் அழிந்துபோனால், வேறு காட்டிலிருந்து பறந்து வந்து அங்கே குடியேற வழியில்லை. முன்பு பரந்த நிலத்தில் வாழ்ந்த இனம் இது. புதரை வெட்டி வயலாக்கினார்கள், யானையையும் எருமையையும் சுட்டுத் தீர்த்தார்கள். இவற்றின் தீனி போயிற்று. இப்போது அட்டோதான் பெரிய புகலிடம். மற்றபடி கேப் பக்கம் அங்கங்கே சில துண்டு நிலங்கள்.

1931-இல் பூங்கா தொடங்கியபோது அங்கே மிஞ்சியிருந்தவை 11 யானைகள். இன்று 600-க்கும் மேல். வண்டு அப்படி வேகமாகப் பெருகாது. ஓர் உருண்டைக்கு ஒரே முட்டை. தாய் மண்ணுக்கடியில் அதன் பக்கத்திலேயே தங்கிக் காவல் காக்கும். யானைகள் ரோட்டில் நடப்பதால் லத்தியும் ரோட்டில் விழுகிறது, வண்டும் அங்கேதான் வருகிறது. அதனால்தான் சாணத்தின் மேல் காரை ஏற்ற வேண்டாம் என்று பூங்காவில் சொல்கிறார்கள். ஒரு சக்கரத்தில் நசுங்குவது ஒரு தாயாக இருக்கலாம்.

டோங்காட் கரும்புத் தோட்ட லைன் வீட்டில் என் பாட்டி விடியற்காலையில் வாசலுக்குச் சாணி தெளிப்பார். சாணியின் அருமை தெரிந்த குடும்பங்கள் நாம். அந்தச் சாணத்தை மண்ணுக்குள் இறக்கி, மண்ணை உழுது, ஈ பெருகாமல் தடுப்பது சாணவண்டுகள்தான். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணம் மக்காமல் குவிந்து ஈ மொய்த்தபோது, நம் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் பல சாணவண்டு இனங்களைக் கொண்டுபோய் விட்டார்கள்.

கேள்வி: மகனின் பள்ளி ப்ராஜெக்டுக்கு அட்டோ சாணவண்டு ஒன்றைப் பிடித்து வரலாமா அக்கா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம் தங்கச்சி. பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம். கண்ணாடியை இறக்கி, காருக்குள் இருந்தே மகனைப் படம் வரையச் சொல்லுங்கள். கால் எத்தனை, தலையின் ஓரம் எப்படிப் பல்பல்லாக இருக்கிறது என்று அவனே பார்த்து எழுதட்டும். அப்புறம் புறப்படும்போது, காருக்கு முன்னால் வேறொரு வண்டு நிற்கிறதா என்று ரோட்டை நன்றாகப் பார்த்துவிட்டு எடுங்கள்.